காத்து கூடினா பெட்ரோலும் கூடணும்: ஒரு சூப்பர்சார்ஜர் படகின் சப்ளை கணக்கு

ஒரு இன்ஜினுக்கு பவர் ஏத்தணும்னா என்ன செய்யணும்?

"சூப்பர்சார்ஜர் ஒண்ணு வாங்கி மாட்டணும்." பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் இதுதான். பதில் பாதி சரி. மீதிப் பாதியை விட்டுவிட்டால் இன்ஜின் போகும். அதுவே படகா இருந்தா, ஆளும் போகலாம்.

அந்த மீதிப் பாதியைப் பத்திதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

நான் மயக்கவியல் மருத்துவர். மெக்கானிக் இல்லை. ஆனா ஆபரேஷன் தியேட்டர்ல என் வேலையே சப்ளை பாக்குறதுதான். எவ்வளவு காத்து உள்ளே போகுது, எவ்வளவு ரத்தம் ஓடுது, பிரஷர் எங்கே விழுது. அதனால என் சகலை வாங்கின படகு விஷயத்துல மெக்கானிக் பேசினது எனக்குப் புரிஞ்சுது. எனக்குப் புரிஞ்ச மாதிரியே உங்களுக்கும் சொல்லப் பாக்குறேன்.

முதல்ல இடம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் என்று ஒரு ஏரி. ஓசேஜ் ஆற்றின் குறுக்கே பேக்னெல் அணை கட்டி 1931ல் உண்டான செயற்கை ஏரி. வேகப் படகுக்காரர்களுக்கு அது திருவிழாத் திடல் மாதிரி. ஒவ்வொரு ஆகஸ்டும் அங்கே வேகப் போட்டியே நடக்கும். என் சகலை அங்கே பழைய 28 அடி படகு ஒன்று வாங்கினார். உள்ளே 8.2 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின், 415 குதிரைத்திறன். அது போதலை அவருக்கு. சூப்பர்சார்ஜர் கிட் வாங்கி 600க்குக் கொண்டு போகணும்னு ஆசை.

சூப்பர்சார்ஜர் என்ன செய்யும்? இன்ஜினே பெல்ட் மூலமா சுத்துற ஒரு காத்து பம்ப் அது. நம்மைச் சுத்தி இருக்கும் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ. அதுக்கு மேல 6 பிஎஸ்ஐ தள்ளினா, கணக்குப்படி 40 சதவீதம் அதிகக் காத்து சிலிண்டருக்குள்ள போகும்.

காத்து மட்டும் எரியாது. அதுக்கு ஏத்த பெட்ரோல் வேணும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். (அதே 14.7தான், ஆனா இது எடைக் கணக்கு. குழப்பிக்காதீங்க.) சூப்பர்சார்ஜர் இன்ஜினை முழு லோடுல ஓட்டும்போது 14.7ல வைக்க மாட்டாங்க. 12க்குக் கொஞ்சம் கீழே வைப்பாங்க. அதாவது பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமா கொடுப்பாங்க. அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர வைக்கும்.

இப்போ மெக்கானிக்குகளோட தோராயக் கணக்கைப் பாருங்க. சாதா இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல். சூப்பர்சார்ஜர் இருந்தா 0.6 பவுண்டு. பழைய 415க்கு மணிக்கு சுமார் 127 லிட்டர். புது 600க்கு சுமார் 220 லிட்டர்.

பவர் 45 சதவீதம்தான் கூடுது. பெட்ரோல் தேவை 70 சதவீதத்துக்கு மேல கூடுது! நிறைய பேர் கோட்டை விடும் இடம் இதுதான்.

220 லிட்டர்னா நிமிஷத்துக்கு மூணரை லிட்டருக்கு மேல. நம்ம இதயம் ஓய்வா இருக்கும்போது நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளும். கிட்டத்தட்ட அந்த அளவுல பெட்ரோல், டேங்க்ல ஆரம்பிச்சு இன்ஜெக்டர் முனை வரைக்கும் தடையில்லாம ஓடணும்.

சப்ளை குறைஞ்சா என்ன ஆகும்? காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. சூடு ஏறும். தீப்பொறியில இருந்து சீரா பரவ வேண்டிய எரிதல், ஒரு மூலையில தானா படார்னு வெடிக்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் உருகுறது 660 டிகிரி செல்சியஸ்ல. உள்ளே எரியும் வாயுவோட சூடு 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன்ல ஓட்டை விழ ரொம்ப நேரம் ஆகாது.

"கார்லயும் இதே கதைதானே?" ன்னு கேப்பீங்க. இல்லை. காரை முழு ஆக்ஸிலரேட்டர்ல சில நொடிகள்தான் மிதிப்போம். அப்புறம் கால எடுத்துடுவோம். படகு அப்படி இல்லை. தண்ணி விடாம பின்னால இழுத்துட்டே இருக்கும். பாரம் ஏத்தின லாரி முடிவே இல்லாத மலைச் சாலை ஏறுற மாதிரி.

சரி, சகலை கதைக்கு வருவோம்.

கிட்டோட மணிக்கு 60 பவுண்டு அளவு இன்ஜெக்டர் எட்டும், பெரிய பம்பும் வாங்கிட்டார். இன்ஜெக்டர் கணக்கு சரிதான். 360 பவுண்டை எட்டால வகுத்தா 45. ஆனா இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல திறந்தே வைக்கக் கூடாது. அப்போ 56 வேணும். 60 போட்டது சரி. சூப்பர்சார்ஜர் அழுத்தம் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு ஏத்துற ரெகுலேட்டரும் போட்டாச்சு. ஏன்னா உள்ளே 6 பிஎஸ்ஐ எதிர்த்துத் தள்ளும்போது பழைய அழுத்தத்திலேயே பீச்சினா, பெட்ரோல் குறைவாத்தான் விழும்.

ஜூலை 4 விடுமுறைக்குக் குடும்பத்தோட போறதா பிளான். மச்சினியும் ரெண்டு பிள்ளைகளும் ரெடி.

படகை நிறுத்தி வச்சு ஓட்டிப் பாத்தப்ப பெட்ரோல் அழுத்தம் 43 பிஎஸ்ஐ. ஆடாம அசையாம நின்னுச்சு. சகலைக்கு ஒரே சந்தோஷம். ஆனா மெக்கானிக் பெரியவர் கையெழுத்து போடலை. "தண்ணியில லோடு கொடுத்து ஓட்டி, அதைப் பதிவு பண்ணிப் பாத்த பிறகுதான்" னுட்டார்.

எனக்கு உடனே டிரெட்மில் டெஸ்ட் ஞாபகம்தான் வந்துது. படுத்திருக்கும்போது ஈசிஜி அழகா இருக்கும். ஓட விட்டாத்தான் அடைப்பு முகத்தைக் காட்டும்.

அதேதான் நடந்துது. 3000 ஆர்பிஎம் வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. 4600 தொட்டப்ப 49க்கு ஏற வேண்டிய அழுத்தம் 38க்கு விழுந்துது. காத்து-பெட்ரோல் விகிதம் 11.8ல இருந்து 13ஐத் தாண்டுச்சு. பெரியவர் உடனே த்ராட்டிலை இழுத்துட்டார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா இன்ஜின் காலி.

பம்ப் புதுசு, இன்ஜெக்டர் புதுசு. அப்புறம் எங்கே அடைப்பு?

பம்புக்கு முன்னாடி ஒரு வேக்கம் கேஜ் மாட்டினார். பிபி பாக்குற மாதிரி அதுவும் பாதரசக் கணக்குதான். பம்ப் மூச்சைப் பிடிச்சு உறிஞ்சுது, ஆனா டேங்க் பக்கத்துல இருந்து வரத்து இல்லை. அப்படி உறிஞ்சும்போது குழாய்க்குள்ள அழுத்தம் குறையும். சூடான இன்ஜின் அறையில பெட்ரோல் குமிழ் கட்டும். குமிழை பம்ப்னால தள்ள முடியாது. ஐவி லைன்ல காத்து வந்தா எங்க மருந்து பம்ப் அலறும் இல்லையா? இங்கே அலற ஆள் இல்லை.

காரணம் டேங்க் வாசல்ல இருந்த விரல் நுனி அளவு வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன குண்டு. ஆன்டி-சைஃபன் வால்வு என்பார்கள். பழைய 127 லிட்டருக்கு அது போதும். 220க்கு அது தொண்டையில சிக்கின முள்.

சகலை சொன்னார், "அதைக் கழட்டிப் போட்டுட்டா முடிஞ்சுது, அரை மணி நேர வேலை. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

பெரியவர் மறுத்துட்டார். "கழட்டின படகுல நான் ஏற மாட்டேன். உங்க பிள்ளைகளையும் ஏத்தாதீங்க."

அந்த வால்வு அங்கே இருக்கக் காரணம் இருக்கு. டேங்க் மட்டத்துக்குக் கீழே போற குழாய் எங்கேயாவது வெடிச்சா, இன்ஜின் நின்னிருந்தாலும் பெட்ரோல் தானா இழுத்துட்டு வடியும். வாய் வச்சு ஒரு தடவை உறிஞ்சி விட்டா கேன்ல இருந்து பெட்ரோல் வந்துட்டே இருக்கும் பாருங்க, அதே சங்கதி. இந்த வடிதலைத் தடுக்கத்தான் அந்த ஸ்பிரிங். இப்படி ஒரு தடுப்பு இருக்கணும்னு அமெரிக்க கடலோரக் காவல்படை விதியும் இருக்கு.

காருக்கு அடியில பெட்ரோல் ஒழுகினா தரையில விழும், ஆவி காத்துல கலைஞ்சுடும். படகுக்கு அடி மூடியிருக்கும். பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம். படகின் அடிவயித்துல போய்த் தேங்கி நிக்கும். காத்துல வெறும் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பத்திக்கும். ஒரு சின்ன ஸ்பார்க் போதும். மூடின இடத்துல பெட்ரோல் ஆவி வெடிச்சா முகம், கை, மூச்சுக்குழாய் மூணும் சேர்ந்து வேகும். அப்படி வெந்த மூச்சுக்குழாய்ல டியூப் போடுறது எவ்வளவு கஷ்டம்னு எங்க துறையில யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

நானும் பெரியவர் பக்கம்தான் நின்னேன். சகலைகிட்ட ஒண்ணு சொன்னேன். "இதய வால்வு சுருங்கிப் போனா, வெட்டி எறிஞ்சுட்டு தையல் போட மாட்டோம் சகல. அந்த இடத்துல சரியான அளவு புது வால்வு வைப்போம்."

முகம் சுருங்கிடுச்சு. ஜூலை 4 பயணம் ரத்து. மச்சினிக்கு என் மேல ரெண்டு வாரம் வருத்தம்.

அப்புறம் செஞ்சது இவ்வளவுதான். அதிக ஓட்டத்துக்கான பெரிய ஆன்டி-சைஃபன் வால்வு. டேங்குக்குள்ள பெரிய உறிஞ்சு குழாய். 3/8 அங்குல ஹோசுக்குப் பதில் படகுக்கான ஏ1 முத்திரை உள்ள அரை அங்குல ஹோஸ். தண்ணியைப் பிரிக்கும் பெரிய ஃபில்டர். பம்புக்குத் தடிமனான வயர், ஏன்னா வோல்டேஜ் விழுந்தா பம்போட வேகமும் விழும். எல்லாம் சேர்ந்தும் சூப்பர்சார்ஜர் விலைக்குப் பக்கத்துல கூட வரலை. ஆகஸ்ட்ல திரும்ப ஓட்டினப்ப 4600லயும் 49 பிஎஸ்ஐ அப்படியே நின்னுச்சு. விகிதம் 11.8.

"அப்போ வம்பே வேணாம், பெட்ரோலை அள்ளி ஊத்திட்டா?" அதுவும் தப்பு. அளவுக்கு மீறினா சிலிண்டர் சுவத்துல இருக்கும் ஆயிலைக் கழுவிடும். கார்பன் மோனாக்சைடும் கூடும். அது ரத்தத்துல இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல பலமாப் பிடிச்சுக்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இன்ஜின் ஓடும்போது படகோட பின் படியில பிள்ளைகளை உட்கார வைக்கவே கூடாது.

சுருக்கமா:

பவர் ஏத்தும் முன்னாடி, டேங்க்ல இருந்து இன்ஜெக்டர் வரைக்கும் மொத்த வழியையும் கணக்கு போடுங்க. இருக்கிறதிலேயே குறுகலான இடம்தான் உங்க பவரை முடிவு பண்ணும்.

நிறுத்தி வச்சுப் பாத்த அழுத்தத்தை நம்பாதீங்க. லோடுல பதிவு பண்ணிப் பாருங்க.

பாதுகாப்புக்கு வச்ச பொருள் தடையா இருந்தா மாத்துங்க. எடுத்து எறியாதீங்க.

பெட்ரோல் படகுல ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி நாலு நிமிஷம் ப்ளோயர் ஓட விடுங்க. மோந்து பாருங்க. வாசனை வந்தா சாவியைத் தொடாதீங்க.

படகே இல்லாதவங்களுக்கும் ஒண்ணு. மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்குது, உட்கார்ந்தா சரியாயிடுது, ஈசிஜி எடுத்தா நார்மல்னு வருதுன்னா, அதோட விட்டுடாதீங்க. லோடுல மட்டும் தெரியும் அடைப்பா இருக்கலாம். இதய மருத்துவரைப் பாருங்க. உட்கார்ந்தும் வலி அடங்கலைன்னா, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.