மஞ்சளும் நுண்கொழுப்பும்

கல்லூரியன்னையிடம் கற்ற இரசாயனவியலைக் கல்முனைக் கரையோர மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். இங்குள்ள உம்மாமார் இரண்டு உண்மைகளை நன்கறிவர். துணியிற் பட்ட மஞ்சட் கறை சவர்க்காரம் பட்டாற் சிவக்கும். வெயிலிற் காயப்போட்டால் மங்கும். மஞ்சளிலுள்ள குர்க்குமினின் குறைகள் இவ்விரண்டிலும் தெரிகின்றன. அது ஒட்சியேற்றத்தைத் தடுக்க வல்லது. ஆயினும் காரத்திலும் ஒளியிலும் சிதையும். நீரிற் கரைவதோ மிக அரிது.

ஆகவே அதனைக் கொழுப்பினுட் பொதிய முயன்றனர் அறிஞர். 1990களின் தொடக்கத்தில் பேர்லினில் முல்லரும், தூரினில் காஸ்கோ அம்மையாரும் திண்மக் கொழுப்பு நுண்துணிக்கைகளை உருவாக்கினர். கொழுப்பை உருக்கிக் குர்க்குமினைக் கலந்து, பாற்குழம்பாக்கும் பொருள் சேர்ந்த சுடுநீரில் மிகுந்த அமுக்கத்தாற் சிதறச் செய்து ஆறவிட்டால், மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் சிறிய துணிக்கைகள் உறையும். அவை தோலிற் படலமாய்ப் படிந்து, ஈரங்காத்து, உள்ளிருப்பதைச் சிறிது சிறிதாக வெளிவிடும். கொழுப்பு ஒழுங்காகப் பளிங்காகுங்கால் உள்ளிருப்பதை வெளித்தள்ளுவதால், எண்ணெய் சிறிது கலக்கும் முறை பின்னர் வந்தது. நம் கரையோர வெப்பத்தில் உருகாத கொழுப்பைத் தேர்தலும் அவசியம்.

எமது கவலை வேறொன்று. வெண்மை தருமெனக் கூறும் களிம்புகளை எம் மாணவியர் வாங்குகின்றனர். அத்தகையனவற்றுட் சிலவற்றிற் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளிலும் கண்டறியப்பட்டது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 'நனோ' என்னுஞ் சொல்லும் மேலுறையில் ஏறினால் அவர்தம் ஐயம் அடங்கிவிடும். ஆய்வுகூடத்திற் கண்ட பயன், மனிதத் தோலில் மெய்ப்பிக்கப்படும்வரை மருந்தாகாது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அண்மையிலேயே இருக்கின்றது. அதன் வாயிலை நாடும் இளைஞர்க்கு, "சான்று யாது?" என வினவும் பழக்கத்தை நாம் முன்னரே ஊட்டுவோமாக.