பேத்திக்காக மாற்றிக்கொண்ட பிரார்த்தனை

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அம்பிகையின் திருமுன் அடுக்கிவைத்து, மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் படிப்பது நம் வழக்கம். 'இன்று புத்தகத்தைத் தொடக்கூடாது' என்று பெரியவர்களே சொல்லும் அந்த ஒரு நாளுக்காக நவராத்திரி முழுவதும் காத்திருந்த சிறுவர்களுள் நானும் ஒருவன். பின்னாளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணித ஆசிரியராகப் பணியாற்றியபோதும் அந்த வழக்கத்தை நான் தவறவிட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வசிக்கும் என் மகளின் இல்லத்தில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். பேத்தி அப்போது பதினோராம் வகுப்பு. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் 'ஏ.பி.' எனப்படும் மேல்நிலைப் பாடங்கள் உண்டு. கல்லூரியின் முதலாண்டில் படிக்க வேண்டியதைப் பள்ளியிலேயே படிக்கும் ஏற்பாடு அது. மே மாதத்தில் நாடு முழுவதும் ஒரே பொதுத்தேர்வு. 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 அல்லது அதற்கு மேல் பெற்றால் பல கல்லூரிகள் அதைத் தம் பாடக்கணக்கில் ஏற்றுக்கொள்கின்றன. எத்தனை பாடம் எடுப்பது என்பது மாணவரின் விருப்பம். பேத்தி ஐந்து எடுத்திருந்தாள்: நுண்கணிதம், வேதியியல், இயற்பியல், அமெரிக்க வரலாறு, ஆங்கிலம்.

அவள் முதலில் எண்ணியது மூன்றுதான். "கணக்கு வாத்தியார் பேத்திக்கு ஐந்து ஒரு சுமையா?" என்று தொலைபேசியில் ஊக்கியவன் நான். அத்தோடு நிற்கவில்லை. ஐந்திலும் ஐந்து பெற்றால் எங்கள் ஊர்த் தெருமுனைப் பிள்ளையாருக்கு 108 சிதறுகாய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு, அதை உறவினர் அனைவரிடமும் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

நேரில் சென்று பார்த்தபோதுதான் அந்தச் சுமையின் எடை தெரிந்தது. காலை ஏழு மணிக்கு முன்பே பள்ளிப் பேருந்து. மாலை வீடு திரும்பினால் ஆய்வுக்கூடக் குறிப்பு, வரலாற்றுக் கட்டுரை, கணக்கு என ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுப்பாடம். நள்ளிரவு கடந்தும் அவள் அறை விளக்கு அணையாது. ஏழு வயதிலிருந்து கற்ற பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டாள். கொலுவில் அவள் குரல் கேட்கவில்லை. நான் அதையும் சிரத்தையின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

சரஸ்வதி பூஜையும் வந்தது. அவள் புத்தகங்களைக் கொலுப்படியின் அருகே அடுக்கச் சொன்னேன். தயங்கி நின்றாள். "தாத்தா, வேதியியலை மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா? நாளைக்கு வகுப்பில் தேர்வு இருக்கிறது" என்றாள். "ஒரே ஒரு நாள்தானே, அம்மா!" என்று சொல்லி அதையும் வாங்கி வைத்துவிட்டேன்.

இரவு ஒரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவன் பூஜையறையில் வெளிச்சம் கண்டு சென்றேன். கொலுவின் முன் தரையில் அமர்ந்து, அடுக்கிலிருந்து உருவிய புத்தகத்தின் மேல் தலைசாய்த்து அவள் அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திருடியவள்போல் பதறி எழுந்தாள். "மன்னித்துவிடுங்கள் தாத்தா" என்றவள், சற்று நேரம் கழித்துக் கேட்டாள்: "நான் ஐந்து வாங்காவிட்டால், உங்கள் பிள்ளையார் நம்மைக் கோபித்துக்கொள்வாரா?"

எனக்கு நா எழவில்லை. அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நான் செய்த வேண்டுதல், ஆறாவது பாடமாக அவள் முதுகில் ஏறி அமர்ந்திருக்கிறது! அந்தக் குழந்தையின் மனத்தில் கருணைக் கடலான கணபதியைத் தேர்வு அதிகாரியாக ஆக்கிவிட்டேனே!

அந்த வார இறுதியில், நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் எழுந்தருளியுள்ள ஸ்ரீ மகாவல்லப கணபதி ஆலயத்திற்கு அனைவரும் சென்றோம். 1977-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் கண்ட திருத்தலம். சந்நிதியில் கைகூப்பி நின்றபோது, மகாபாரதம் எழுதப்பட்ட வரலாறு நினைவில் எழுந்தது.

இடைவிடாது சொன்னால்தான் எழுதுவேன் என்றார் விநாயகர். பொருள் உணர்ந்த பின்னரே எழுத வேண்டும் என்றார் வியாசர். இடையிடையே முடிச்சுப்போல் கடினமான சுலோகங்களை வியாசர் அமைத்தார். அவற்றின் எண்ணிக்கை 8,800 என்பது மரபு. ஞானமே வடிவான விநாயகரும் அவற்றின் முன் ஒரு கணம் எழுதுகோலை நிறுத்திச் சிந்தித்தாராம். அந்த இடைவெளியில் வியாசர் அடுத்த சுலோகங்களை இயற்றிக்கொண்டார். கணபதியே நின்று, உணர்ந்து, பிறகு எழுதினார் என்றால், பதினாறு வயதுக் குழந்தை நிற்காமல் ஓட வேண்டும் என்று கேட்க நான் யார்?

"ஐயனே, மதிப்பெண் கேட்ட வேண்டுதலைத் திரும்பப் பெறுகிறேன். இவளுக்கு நல்ல உறக்கமும், கற்பதில் மகிழ்ச்சியும் கொடு. தேங்காய் உனக்கு எப்படியும் உண்டு" என்று வேண்டிக்கொண்டேன். வெளியே வந்ததும் பேத்தியிடம் அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பற்றிக்கொண்டாள். காரில் திரும்பும்போது வழிநெடுகத் தூங்கினாள்.

மறுவாரம் பெற்றோருடன் சென்று பள்ளி ஆலோசகரிடம் பேசி, இயற்பியலைச் சாதாரண நிலைக்கு மாற்றிக்கொண்டாள். பதினொரு மணிக்கு விளக்கு அணைய வேண்டும் என்பது வீட்டு விதியாயிற்று. வேதியியல் அவளுக்கு உண்மையிலேயே பிடித்த பாடம் என்பது எனக்கு அதன் பிறகே தெரிந்தது. இரவு உணவின்போது அதைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தத் தொடங்கினாள்.

பிப்ரவரியில் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக 108 சிதறுகாயை உடைத்தேன். தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஜூலையில் முடிவு வந்தபோது நான்கு பாடங்களில் இரண்டில் ஐந்து, இரண்டில் நான்கு. "பிள்ளையார் கோபித்துக்கொள்ளவில்லை, தாத்தா!" என்று தொலைபேசியில் சிரித்தாள். அடுத்த நவராத்திரியில் அவளே எல்லாப் புத்தகங்களையும் அடுக்கிவைத்துவிட்டு, கொலுவின் முன் அமர்ந்து பாடினாளாம்.

பேரக்குழந்தைகளுக்காக வேண்டிக்கொள்ளாத தாத்தா பாட்டி உண்டா? தாராளமாக வேண்டிக்கொள்வோம். ஆனால் நம் வேண்டுதல் அவர்கள் தோளில் ஏறாமல், இறைவனின் திருவடியில் மட்டுமே இறங்கட்டும். சுமைகளை இறக்கிவைப்பதற்குத்தானே அவன் சந்நிதி!