ஆயில் லைட் எரியுது, ஓட்டலாமா?

போன ஞாயிறு அப்பாவோடு பழைய காரில் ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு வந்துகொண்டிருந்தேன். சி.டி.எச். ரோட்டில், திருமுல்லைவாயல் தாண்டி ஒரு சிக்னலில் நின்றபோது டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் மினுக் மினுக். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைந்தது.

"ஆயில் கம்மியா இருக்கும், வீட்டுக்குப் போய் ஊத்திக்கலாம்" என்றார் அப்பா. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ஓரங்கட்டி நிறுத்துங்கப்பா" என்றேன். முறைத்தார், ஆனால் நிறுத்தினார்.

ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், ஆயில் மேல் கோட்டருகே! இங்கேதான் மக்களே நாம் ஏமாறுகிறோம். பெரும்பாலான கார்களில் அந்த சிவப்பு லைட் சொல்வது ஆயிலின் அளவை அல்ல, பிரஷரை. நிஜமாகவே பிரஷர் இல்லாமல் ஓட்டினால் பேரிங் உரசி, சில நிமிடங்களிலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

எஸ்டேட் பக்கத்திலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். சாவியை மட்டும் ஆன் செய்து, பிரஷர் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கினார். லைட் அணைந்தது.

"சரியாயிடுச்சே!" என்றார் அப்பா.

"இல்ல சார், ஒயர் பாடியில உரசலன்னுதான் அர்த்தம்."

சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். சூடான ஐடிலிங்கில் 18 பி.எஸ்.ஐ. பம்ப் நன்றாகவே இருந்தது. சுமார் 5-க்குக் கீழே போனால் எரியவேண்டிய சுவிட்ச், கெட்டுப்போய் முன்னாடியே எரிந்திருக்கிறது. புது சுவிட்ச் மாட்டியதும் லைட் அடங்கியது.

"இதுக்கா நடுரோட்டுல நிறுத்தின?" என்று அப்பா இன்னும் கிண்டல் செய்கிறார். செய்யட்டும். சுவிட்ச் சில நூறு ரூபாய்தான். பம்ப் போயிருந்தால் என் காலேஜ் ஃபீஸ் இன்ஜினுக்குப் போயிருக்கும்!