ஆமைக்காக ஒரு மழைக்காலம்

கோஸ்டா ரிகாவுக்குப் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒரு பட்டியலை நீட்டினார்கள். அரேனால் எரிமலை, வெந்நீர் ஊற்று, ரியோ செலஸ்தேயின் நீல அருவி, கம்பியில் தொங்கிக்கொண்டு காட்டுக்கு மேலே பறப்பது, மானுவல் அந்தோனியோவின் குரங்குகள். எந்த மாதம் போகிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு லீவு கிடைத்தது செப்டம்பரில்.

அந்த நாட்டில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில், மே முதல் நவம்பர் வரை மழை என்று எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் சொல்லும். பசிபிக் பக்கத்துக்கு அது சரி. நடுவில் நெடுக ஓடும் மலைத்தொடரைத் தாண்டிக் கரீபியன் பக்கம் இறங்கினால் வானத்தின் கணக்கு வேறு. ஆண்டு முழுக்க மழை கொட்டும் அந்தக் கரையில், கொஞ்சம் ஓய்வு கிடைப்பதே செப்டம்பர், அக்டோபரில்தான். அதே மாதங்களில் இரண்டு கரைகளிலும் ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. என் பட்டியலை ஆமைகளே போட்டுக் கொடுத்துவிட்டன.

மற்றவர்கள் நீட்டிய பட்டியலிலிருந்து அரேனாலை முதலில் அடித்தேன். 1968இல் வெடித்து, ஊர்களைப் புதைத்து, அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குமுறிக்கொண்டிருந்த மலை அது. 2010இல் அடங்கிவிட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு நெருப்புக் குழம்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் வெந்நீரில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கரீபியன் கரையில் இருக்கும் டோர்டுகேரோவுக்குச் சாலை கிடையாது. சான் ஹோசேயிலிருந்து காரியாரி வரை பஸ், அங்கிருந்து லா பவோனா படகுத்துறைக்கு இன்னொரு பஸ். வழியெல்லாம் வாழைத் தோட்டங்கள். ஒவ்வொரு தாருக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கிறார்கள். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆற்றிலும் கால்வாயிலும் படகு. ஊர் ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் கடல். கார் என்ற பேச்சே இல்லை.

ஒரு காலத்தில் இங்கே இரவில் கரையேறும் பேராமைகளைப் புரட்டிப் போட்டு, உயிரோடு ஏற்றுமதி செய்தார்கள். வெளிநாடுகளில் சூப்புக்கு. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950களில் இங்கே வந்து ஆமைகளுக்கு அடையாளத் தகடு மாட்டத் தொடங்கினார். அந்த வேலை வளர்ந்து, 1970களில் தேசியப் பூங்காவாக முடிந்தது. இன்று ஆமையைப் புரட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்கூட ஆமையைக் காட்டிப் பிழைக்கலாம். கரையில் நடக்க உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் முடியாது.

கறுப்பு உடை போடச் சொன்னார்கள். கேமரா கூடாது, போனும் கூடாது. ஆமை குழி தோண்டி முடிக்கும் வரை மரங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதற்கு முன் கிட்டப் போனால் மிரண்டு கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கிய பிறகு அது எதையும் கண்டுகொள்ளாது. வழிகாட்டி சிவப்பு விளக்கைப் பின்பக்கமாகத் தாழ்த்திப் பிடித்தார். நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடம்பு. பின்துடுப்பு ஒன்று வளைந்து இறங்கி, அகப்பையால் அள்ளுவதுபோல் கடைசிப் பிடி ஈரமணலை எடுத்து ஓரமாக வைத்தது. பிறகு இரண்டு மூன்றாக முட்டைகள் விழுந்தன. ஓடு தோல்போல மெத்தென்று இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் உடையவில்லை. ஒரு குழிக்கு நூறுக்குமேல் இருக்கும். கண்ணில் வழிந்தது அழுகை அல்லவாம், உடம்பின் உப்பை வெளியேற்றும் சுரப்பாம். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

போன் இல்லாததால் அத்தனை பேரும் கண்ணால் பார்த்தோம். இதற்காகவே டோர்டுகேரோவைப் பட்டியலின் தலையில் வைப்பேன்.

நடுவில் மாண்டேவெர்தே மலைக்கு ஏறினேன். கட்டாய ராணுவப் பதிவை மறுத்ததற்காக அலபாமாவில் சிறை சென்ற சில குவேக்கர் பிரிவுக் கிறித்தவர்கள், ராணுவத்தை 1948இல் ஒழித்த நாடு என்று தேடி, குடும்பங்களோடு 1951இல் வந்து குடியேறிய மலை அது. மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்தார்கள். நீர்ப்பிடிப்புக்காக உச்சிக் காட்டை வெட்டாமல் விட்டார்கள். மேகம் இலைகளில் மோதிச் சொட்டும் அந்தக் காட்டில் மட்டுமே வாழ்ந்த பொன்தேரையை 1989க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கம்பிப் பறத்தல் பெயர் பெற்றதும் இந்த மலையில்தான். நான் நடந்தேன்.

பசிபிக் கரையின் ஓஸ்தியோனலில் ஏறுவது நம் பங்குனி ஆமைதான். சென்னையில் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் மாணவர்கள் தேடி நடப்பார்களே, அதே இனம். அங்கே ஒன்று தென்பட்டாலே மணலில் உட்கார்ந்துவிடுவோம். இங்கே தேய்பிறை நாட்களில் ஆயிரமாயிரமாக வருகின்றன. பெரிய வருகையில் லட்சத்தைத் தாண்டும். விடிந்த பிறகும் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, ஒன்று இட்ட முட்டையை அடுத்தது தோண்டி வீசுகிறது. முட்டையிட்டு முடித்ததும் ஆமை உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி வயிற்றோட்டால் மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்தும். கரை முழுக்க தொப், தொப் என்ற சத்தம். கூடவே அழுகிய முட்டை நாற்றம், கழுகுகள், நாய்கள்.

முதல் ஒன்றரை நாளில் இட்ட முட்டைகளை ஊர்க்காரர்கள் சட்டப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1987 முதல் இந்த ஏற்பாடு. பின்னால் வரும் ஆமைகள் எப்படியும் அவற்றைத் தோண்டி நாசமாக்கும் என்பது கணக்கு. ஆண்கள் குதிகாலால் மணலை அழுத்திக் குழியைக் கண்டுபிடிக்கிறார்கள், பெண்கள் அள்ளிச் சாக்கில் போடுகிறார்கள். பதிலுக்கு ஊர் கரையைக் காவல் காக்கிறது, ஒதுங்கும் கட்டைகளை அகற்றுகிறது. சட்டபூர்வ முட்டையோடு திருட்டு முட்டையும் சந்தைக்குக் கலந்து போகும் என்று எதிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் பயம் நியாயம்தான். ஆனாலும் கரைக்குச் சொந்தக்காரர்களாக ஊரே நிற்பதைப் பார்த்த பிறகு, வேலி போட்டு விரட்டியிருந்தால் இத்தனை ஆமைகள் மிஞ்சியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மழையில் ஆறு பெருகினால் அந்த ஊருக்கான மண்சாலை அறுந்துவிடும். அன்று பெருகியிருந்தது. தண்ணீர் வடியும் வரை ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினோம். சோறு, கறுப்பு பீன்ஸ், வறுத்த நேந்திரன் வைத்த தட்டைக் கொண்டுவந்த அம்மா, மேலே ஒரு முட்டை வைக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். எந்த முட்டை என்று நானும் சைகையிலேயே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு கைகளையும் விலாவில் ஒட்டிச் சிறகடித்துக் காட்டினார்.