கட்டில் அசையவில்லை!

விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடையே ஒரு சிறு நிலம் கிடக்கிறது. ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு மனிதனும் அதைக் கடந்துதான் போகிறான். விடியலில் அதைக் கடந்துதான் திரும்புகிறான். சிலருக்குச் சில நிமிடம், சிலருக்குச் சில நொடி. ஆண்டிக்கும் அதே வழி, அரசனுக்கும் அதே வழி. அந்த நிலத்துக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. கேட்பாரற்ற புறம்போக்கு என்று கண்டதும் வேலி போட்டு வளைத்துக்கொண்டான் பூசாரி. இங்கே உலவுவது பேய் என்றான். நுழைந்தவர் காணிக்கை செலுத்துக என்றான். வேப்பிலையும் உடுக்கையும் திருநீறும் எல்லைக் கற்களாயின. தலைமுறை தலைமுறையாக வரி வசூல் நடைபெறுகிறது, ரசீது மட்டும் இல்லை!

அந்த நிலத்தைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகிறோம். எழுதும் தகுதி நமக்கு உண்டு. நாமும் அங்கே அதிர்ந்தவர்கள்தாம்.

கண் சொருகும், நினைவு இழை இழையாகப் பிரியும், அவ்வேளையில் உள்ளங்காலில் தொடங்கும் ஒரு நடுக்கம். அரிசி ஆலையின் தரையில் வெறுங்காலோடு நின்றவர்க்கு அது தெரியும். ஓடும் பேருந்தின் சன்னற் கம்பியில் நெற்றியைச் சாய்த்தவர்க்கும் தெரியும். ஆனால் இந்த ஆலை வெளியே இல்லை, உடலுக்குள் ஓடுகிறது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று ஏறிச் செவிக்குள் வண்டாய் இரையும். வலி இல்லை, குளிர் இல்லை, காய்ச்சல் இல்லை. திடுக்கிட்டு விழித்தால் பத்து நொடி, இருபது நொடி நீடித்து, யாரோ விசையை நிறுத்தியதுபோல் அடங்கிவிடும். சில நாட்களில் விடியற்காலை விழிக்கும்போதும் இதே கதை.

நாம் முதலில் செய்த காரியம், அதே அறையில் படுக்கும் தம்பியை எழுப்பியது. "தோளில் கை வை, நடுங்குகிறதா பார்" என்றோம். தோளில் வைத்தான், மார்பில் வைத்தான். "ஒன்றும் இல்லையே அண்ணா! கல் மாதிரி கிடக்கிறீர்கள்" என்றான், கொட்டாவிக்கு நடுவே. அடுத்த முறைக்கு ஆயத்தமாயினோம். கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் விளிம்பு வரை நீர் நிரப்பிய தம்ளர் ஒன்று. கையில் பிடித்தபடியே படுக்க ஒரு கைவிளக்கு. நான்காம் இரவு வந்தது அதிர்ச்சி. விசையை அழுத்தினோம். உடலெங்கும் இரைச்சல், தம்ளரில் நீர், காற்றில்லாக் குளத்து நீர்! கட்டில் அசையவில்லை. உடலும் அசையவில்லை. அசைவதாக அறிவித்தவன் எவனோ, அவனைத் தேடுவதுதான் மீதி வேலை.

குறிப்பேடு ஒன்றும் வைத்தோம். இரவெல்லாம் மெய்ப்புத் திருத்திக் கண் சிவந்த நாட்களுக்கு அடுத்த இரவில் அது பெரும்பாலும் வந்தது. மல்லாந்து படுத்தபோது வந்தது. ஒருக்களித்துப் படுத்தபோது அருகியே வந்தது. அமாவாசைக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கும் இல்லை. பேய் என்றால் பஞ்சாங்கம் பார்த்தல்லவா வர வேண்டும்? நம் பேய் அச்சகத்தின் வேலை நேரத்தைப் பார்த்து வந்தது.

சிற்றூர்களில் இதன் உடன்பிறப்பு ஒன்றுக்குப் பெயர் உண்டு: அமுக்குவான். விழித்திருப்போம், கண் தெரியும், கை கால் அசையாது, நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்ததுபோல் மூச்சு முட்டும். அதற்கு முன்னோ அதனூடேயோ மேலே சொன்ன அதிர்வும் இரைச்சலும் பலருக்கு வருவதுண்டு. இந்த அமுக்குவான் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமா என்று பார்த்தால், உலகம் சுற்றிய ஆசாமி அவன்! நியூபவுண்ட்லாந்துத் தீவில் அவன் கிழவி வடிவில் மார்பின்மேல் குந்துகிறான். பிரேசில் நாட்டில் நீண்ட நகமுடைய பெண்ணாகிக் கூரையிலிருந்து இறங்கி, வயிறு புடைக்கத் தின்று படுத்தவரை மிதிக்கிறான். கம்போடியாவில் அவனுக்கு 'அழுத்தும் பேய்' என்றே பெயர். ஜப்பானியர் 'கனாஷிபாரி' என்பர். உலோகத்தால் கட்டுண்ட நிலை என்று பொருள். 1781இல் ஹென்றி பியூசெலி என்ற ஓவியர், துயிலும் நங்கையின் நெஞ்சின்மேல் ஒரு குட்டிச் சாத்தானை உட்கார வைத்து வரைந்த ஓவியம் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது. நாட்டுக்கு நாடு வேடம் மாறுகிறது, மொழி மாறுகிறது, நகத்தின் நீளம் மாறுகிறது. மாறாமல் இருப்பவை மல்லாந்து கிடக்கும் உடலும் அதனுள் ஓடும் நரம்பும்தாம்.

அந்த நரம்பின் கதையை எழுதியவர்கள் உடுக்கை அடிக்கவில்லை. 1848இல் ஆல்பிரட் மோரி என்ற பிரெஞ்சு அறிஞர் உறக்கத்தின் வாயிலில் தோன்றும் மாயக் காட்சிகளுக்குத் தனிப்பெயர் சூட்டி ஆராய்ந்தார். 1876இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல், கண்ணயரும் நேரத்தில் திடீர் அதிர்ச்சி உணர்ந்தோரின் வரலாற்றைப் பதிவு செய்தார். 1928இல் கின்னியர் வில்சன் 'உறக்க வாதம்' என்ற பெயரைத் தந்தார். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும், உறக்கத்தினிடையே மூடிய இமைக்குள் விழிகள் விரைந்தோடும் ஒரு கட்டம் உண்டு, கனவுகள் மிகுதியும் அப்போது நிகழ்கின்றன என்று காட்டினர். 1959இல் பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜுவே பூனைகளை ஆராய்ந்து, அந்தக் கட்டத்தில் தசைகள் அனைத்தும் தளர்ந்து விடுவதைக் கண்டார். தளரச் செய்யும் ஆணை மூளைத் தண்டிலிருந்து பிறக்கிறது. அந்த இடத்தைச் சிதைத்தபோது, உறங்கும் பூனைகள் எழுந்து, இல்லாத எதிரியோடு போரிட்டன!

இயற்கையின் ஏற்பாடு இப்போது விளங்குகிறதன்றோ? கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டு ஓடிவிடாதபடி, கண்ணும் மூச்சும் நீங்கலாகத் தசைகளுக்கு விடுமுறை அளிக்கிறது மூளை. சில வேளை அந்த விடுமுறை முடியுமுன்பே அறிவு விழித்துக்கொள்கிறது. கனவு கலையவில்லை, கட்டு அவிழவில்லை, கண் மட்டும் திறந்துவிட்டது. அந்த அரைகுறை விழிப்பில் மூளை தன் உடலைப் பற்றித் தானே தவறான செய்தி படிக்கிறது. மிதக்கிறேன் என்கிறது, விழுகிறேன் என்கிறது, அதிர்கிறேன் என்கிறது. கண்ணயரும் நேரத்தில் கால் வெட்டி இழுப்பதும், தலைக்குள் வெடியோசை கேட்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 35 ஆய்வுகளை ஒன்று கூட்டிப் பார்த்தது. பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் உறக்க வாதத்தைக் கண்டவர்கள். மாணவரில் நூற்றுக்கு 28 பேர். தேர்வுக்கு முன்னிரவும் பின்னிரவும் விழிக்கும் கூட்டமல்லவா!

உள்ளதிர்வுக்கு உடலின் பங்கும் உண்டு. நெஞ்சத் துடிப்பு ஒவ்வொன்றும் உடலை அணுவளவு உந்துகிறது. அந்த உந்தலை அளக்க ஒரு தொங்கு கட்டிலையே அமைத்தார் அமெரிக்க மருத்துவர் ஐசக் ஸ்டார், 1930களின் இறுதியில். நலமுள்ளவரின் தசையும் நொடிக்கு 8 முதல் 12 முறை மிக நுண்ணியதாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. பகலின் இரைச்சலில் புலப்படாத இவற்றை, இரவின் அமைதியில் மூளை பெருக்கிக் காட்டுவது நடவாத காரியமன்று. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும், மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் நடுக்கமும் அதிர்ச்சியும் வரும். பார்க்கின்சன் நோயாளிகள் பிறர் கண்ணுக்குத் தெரியாத உள்நடுக்கத்தைச் சொல்வதுண்டு. 2020க்குப் பின், கொரோனா வந்து போன பிறகும் உடல் தேறாதவர் பலர் இதையே சொன்னார்கள். பகலிலும் வந்தால், கை நடுக்கம் சேர்ந்தால், எடை குறைந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். அவ்வளவுதான்.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே காரணத்தை மருத்துவ உலகம் இன்னும் அறுதியிடவில்லை. உடனே எழுவார் ஒரு நண்பர்: "பார்த்தீர்களா! விஞ்ஞானத்துக்கே தெரியவில்லை!" தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் பொருள், ஐயா. திருடன் இன்னும் பிடிபடவில்லை என்பதற்காக, திருடியது முனியாண்டி என்று காவல் நிலையத்தில் எழுதிவிடுவார்களா?

இந்தப் புறம்போக்குக்கு இன்று புதிய குத்தகைதாரர்கள் வந்திருக்கிறார்கள். உடுக்கை இல்லை, ஒலிவாங்கி உண்டு. கரி பூசிய முகமில்லை, குளிரூட்டிய மண்டபம் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வானொலித் தொழில் நடத்திய ராபர்ட் மன்றோ என்பவர், 1958இல் படுக்கையில் இதே அதிர்வை உணர்ந்தார். அதைப் பற்றிக்கொண்டு தம் ஆவி உடலை விட்டு வெளியே உலாவி வந்ததாக 1971இல் நூல் எழுதினார். அதிர்ந்தார் என்பதை நாம் நம்புகிறோம்; நம் தம்ளர் சாட்சி. உலாவினார் என்பதற்குச் சாட்சி யார்? உடலைவிட்டு மிதக்கும் உணர்வை, மூளையின் ஓரிடத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சியே வருவித்துக் காட்டினார் சுவிட்சர்லாந்தில் ஓலாப் பிளாங்கே, ஆண்டு 2002. நம்மூரிலோ இதே அதிர்வைக் குண்டலினி என்று கூறி, மூலாதாரத்திலிருந்து பாம்பு கிளம்பிவிட்டது, அடுத்த வகுப்புக்குக் கட்டணம் இவ்வளவு என்கிறார்கள். பாமரனுக்குப் பேய், படித்தவனுக்குப் பாம்பு. பணப்பெட்டி மட்டும் ஒன்றே!

தோழர்களே, இதுவரை எழுதியது எளிது. இனி எழுதுவது நம்மவர்க்குச் சற்றுக் கசக்கும்.

நமது சிற்றன்னையின் மகளுக்கு அப்போது பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. உறங்கப் போனால் உடல் அதிர்கிறது, விழித்தால் அசைய முடியவில்லை, அறை மூலையில் ஓர் உருவம் நிற்கிறது என்றாள். ஊர்ப் பூசாரி வரவழைக்கப்பட்டான். மிளகாய்ப் புகை போட்டான், தலைமுடியைப் பிடித்து உலுக்கினான், பிரம்பால் அடித்தான். பள்ளி நின்றது. 'பேய் பிடித்த பெண்' என்ற பட்டம் தெருவெங்கும் பரவியது. அந்த வீட்டுக்கு நாமும் நம் இயக்க இளைஞர் ஒருவரும் சென்றோம். அவர் நல்லவர், நூல் பல கற்றவர். போனதும் உரக்கச் சிரித்தார். "பேயாவது பிசாசாவது! எல்லாம் உன் கற்பனை, தங்கச்சி. தைரியமாக இரு, போய்விடும்" என்றார். அவள் தலை குனிந்தாள். பிறகு நம்மிடம் தனியே சொன்னாள்: "பூசாரி, உனக்கு நடுங்குவது உண்மை, அதற்குக் காரணம் பேய் என்றான், அண்ணா. உங்கள் தோழர், நடுங்குவதே பொய் என்கிறார். என்னை நம்பியவன் பூசாரி ஒருவன்தான்."

இந்தச் சொல்லுக்கு மறுமொழி எந்த மேடையிலும் நம்மிடம் இல்லை. அடிக்கிறவன் நம்புகிறான், அணைக்க வந்தவன் நம்பவில்லை என்றால், அந்தப் பெண் யாரிடம் போவாள்? உணர்ச்சி உண்மை, அதற்குச் சூட்டிய பெயர்தான் பொய். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத பகுத்தறிவு, அரைகுறைப் பகுத்தறிவு. மனம் நலிந்தோரைப் பிணி தீருமென்று கோயிலிலும் தர்காவிலும் விட்டுச் செல்லும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சொல்லும். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அங்கே ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டு ஓட வழியின்றி இருந்தோரில் 28 பேர் மாண்டனர். சங்கிலி கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எழுத்திலேயே விதித்துவிட்டது. ஆனால் சட்டம் கையைத்தான் அவிழ்க்கும். மிளகாய்ப் புகைக்கு முன்னால் பெண்ணை உட்கார வைக்கும் தாயின் அச்சத்தை அவிழ்க்க, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசும் ஓர் ஆள் வேண்டும்.

நாம் உட்கார்ந்தோம். தம்ளர் கதையைச் சொன்னோம், குறிப்பேட்டைக் காட்டினோம், பூனையின் கதையைச் சொன்னோம். அரசு மருத்துவமனையில் குருதி சோதிக்கப்பட்டது; குறையொன்றும் இல்லை. உறங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துக, ஒருக்களித்துப் படுத்துக, அசைய முடியாதபோது விரல் நுனியை மட்டும் அசைக்க முயல்க என்றார் மருத்துவர். அதிர்வு குறைந்தது, அடியோடு போகவில்லை. வந்தால் மணி பார்த்துக் குறித்து வைத்துவிட்டு மறுபடி உறங்கினாள். பள்ளிக்குத் திரும்பித் தேர்வெழுதினாள். இப்போது செவிலியர் பயிற்சி பெறுகிறாள். தலையணைக்கடியில் அன்னை இன்னும் வேப்பிலை வைக்கிறார். எடுத்துப் போடச் சொன்னோம். "இருக்கட்டும் அண்ணா, கொசு வருவதில்லை" என்றாள்.