டிரம்ஸ்காரரின் காதுக்கு ஒரு மூடி

ஹெட்போன் என்றவுடன் நம் மாணவ நண்பர்களின் மனத்தில் தோன்றுவது பேருந்தில் பாட்டுக் கேட்கும் பொழுதுபோக்குக் கருவி. டிரம்ஸ் வாசிப்போர்க்கும் மிக்ஸரில் அமர்வோர்க்குமோ அது தொழிற்கருவி. கொத்தனாருக்குக் கரண்டி போல. என் தமையனார் பதினோரு ஆண்டுகளாக ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அவர் கச்சேரிக்குப் போனதால்தான் நான் இன்று இயற்பியல் ஆய்வகத்தில் நிற்கிறேன். கச்சேரி முடிந்து வந்து படுத்தால் விடியும்வரை காதில் வண்டு ரீங்கரிக்கிறது என்று சென்ற ஆண்டு அவர் சொல்லத் தொடங்கினார். மருத்துவர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். டிரம்ஸ் வாசித்துப் பிழைப்பவர் சத்தத்தை எங்கே போய்க் குறைப்பது? காதை மூட வழி தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் கணக்கைப் பார்த்தேன். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பின்படி, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி. 94 என்றால் ஒரு மணி. 100 என்றால் கால் மணி நேரந்தான். டிரம்ஸ்காரரின் காதருகே ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அண்ணனின் கச்சேரியோ மூன்று மணி நேரம்!

ஹெட்போன்களில் முதுகு திறந்தவை, மூடியவை என இரு வகை உண்டு. 1968-இல் சென்ஹைசர் நிறுவனம் ஹெச்.டி. 414 என்ற திறந்த வகையைக் கொண்டுவந்தது. இவ்வகையில் ஒலி இயல்பாக இருக்கும். ஆனால் வெளியோசை உள்ளே வரும், உள்ளோசை வெளியே போகும். பதிவுக்கூடத்தில் தாளக்கணக்குக்கென ஓடவிடும் ‘கிளிக்’ ஓசை வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிட்டால், பாடகர் எவ்வளவு நன்றாகப் பாடியும் பயனில்லை. ஆகவே நமக்கு வேண்டியது மூடிய வகை.

மூடியவை எல்லாம் ஒரே அளவு மூடுவதில்லை என்பதே நான் கற்ற முக்கியப் பாடம். ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் 1985-இல் டி.டி. 770 வரிசையைத் தொடங்கியது. அதில் பதிவுக்கூடங்களுக்கான சாதாரண வகை சுமார் 18 டெசிபல் தடுக்கும் என்கிறது நிறுவனக் குறிப்பு. டிரம்ஸ்காரர்க்கும் மேடை ஒலிப்பொறியாளர்க்கும் என்றே செய்த ‘எம்’ வகை சுமார் 35 டெசிபல் தடுக்குமாம். பார்ப்பதற்கு இரண்டு மடங்குதான். ஆனால் டெசிபல் மடக்கைக் கணக்கல்லவா? 18 என்றால் ஒலியாற்றலில் 63-இல் ஒரு பங்கு உள்ளே வரும்; 35 என்றால் 3,000-இல் ஒரு பங்குக்கும் குறைவு. இதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் கிண்ணம் அதை முழுதும் தடுக்காது. சிம்பலின் கூர்மை அடங்கும். கிக் டிரம் முக்காலி வழியாக எலும்பில் ஏறியும் வரும்.

அண்ணனிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

“பாடுறவங்க மூச்சு எடுக்கிறதைக் கேட்டுத்தான்டா நான் வாசிக்கிறேன். காதை அடைச்சிட்டா நான் யாரு கூட வாசிக்கிறது?”

இக்கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் விடை இல்லை. விடை சொன்னவர் குழுவின் மிக்ஸர்காரர். பாடகர், கீபோர்டு, பேஸ் கிட்டார் மூன்றையும் மட்டும் கலந்து தனிக் கம்பியில் அண்ணனுக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். “தம்பி, சத்தத்தை ஏத்தச் சொல்லி என்கிட்ட சைகை காட்டக் கூடாதுன்னு மட்டும் உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. வெளியோசை 20 டெசிபல் குறைந்தால் உள்ளோசையையும் 20 குறைத்தே கேட்க முடியும். அதுதான் மூடியின் பயன். உள்ளே ஏற்றிக்கொண்டே போனால் காதுக்கு இரட்டை அடி.

அவருடைய தேவையோ வேறு. கூட்டத்தின் நடுவே ஒரு காதில் மேடையையும் மறு காதில் ஒரே ஒரு மைக்கையும் கேட்க வேண்டியவர் அவர். அதற்கு 1988-இல் வந்த சென்ஹைசர் ஹெச்.டி. 25-தான் அவர் கட்சி. 140 கிராம் எடைதான். ஒரு கிண்ணத்தைக் காதிலிருந்து திருப்பி நகர்த்திக்கொள்ளலாம். அண்ணனுக்கு வாங்கியதை அவர் தலையில் வைத்துப் பார்த்து, “கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி இருக்கு” என்று கழற்றிவிட்டார்.

ஓம் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போன் 31 மில்லிவாட் வாங்கும். 80 ஓம் 12.5, 250 ஓம் 4 மட்டுமே. எளிய கருவிகளில் செருகுவோர் 250 ஓம் வாங்கினால் ஒலி போதவில்லை என்று வருந்துவர். ‘எம்’ வகை 80 ஓம். மிக்ஸருக்குச் சரியாக இருந்தது. கம்பியிலேயே ஒலிக் குமிழும் உண்டு.

கம்பியில்லா புளூடூத் ஏன் கூடாது என்று நண்பன் ஒருவன் கேட்டான். நிமிடத்துக்கு 120 அடி எனில் ஓர் அடிக்கு அரை வினாடி. கால் அடிக்கு 125 மில்லிவினாடி. புளூடூத்தில் ஒலி ஏறத்தாழ அவ்வளவு பிந்தி வருவது சாதாரணம். தாளம் என்னாகும் என்று அவனே யோசித்துக்கொள்ளட்டும்.

வாங்கியபின் வந்த தொல்லை வியர்வை. கல்யாண மண்டப மேடை விளக்கின் கீழ் தோல்போன்ற மெத்தை நனைந்துவிடும். அம்மா பருத்தித் துணியில் இரண்டு உறை தைத்துக் கொடுத்தார்கள். நல்ல தையல், ஆனால் துணிக்கும் கன்னத்துக்கும் இடையே காற்று புகுந்து, அடைப்பு விட்டு, கிக் டிரம் முழுதாக உள்ளே வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் காம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது; அதனால் கச்சேரியில் அண்ணன் கண்ணாடி அணிவதில்லை. காதில் வண்டு இன்னும் முழுதும் போகவில்லை. கச்சேரி முடிந்த இரவுகளில் கூடுவதில்லை என்கிறார். உறைகளைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, இரண்டு பாட்டுக்கு ஒருமுறை துண்டால் மெத்தையைத் துடைத்து மாட்டிக்கொள்கிறார்.