அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நில்லுங்கள்!

"பேசாமல் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்களேன்" என்று என் கணவர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். சிங்கப்பூருக்கு ஐந்து நாள் பயணம். போவது நானும் எழுபத்திரண்டு வயது மாமியாரும் மட்டும்தான். "ரயிலிலும் பஸ்ஸிலும் போனாத்தாண்டா ஊரைப் பார்க்க முடியும்" என்று சொல்லி அத்தை மகன் வாயை அடைத்துவிட்டார்.

அத்தைக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எனவே மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொண்டேன். எம்.ஆர்.டி. ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. மீறினால் 500 டாலர் வரை அபராதம்! அதனால் சாங்கி விமான நிலையத்திலேயே அத்தையைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் ரயிலடிக்குப் போனேன்.

டிக்கெட் வரிசையே இல்லை. வங்கி அட்டையை வாசலில் வைத்தால் கதவு திறக்கிறது. வெளியே போகும்போது மறுபடி வைக்க வேண்டும். ஆனால் ஆளுக்கொரு அட்டை அவசியம்.

தானா மேராவில் வண்டி மாறினோம். மலாய் மொழியில் 'செம்மண்' என்று அர்த்தமாம். வண்டி மேம்பாலத்தில் ஓட, இருபுறமும் அடுக்குமாடி வீடுகள். ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கழிகளில் துணி காய்ந்தது. "எந்த ஊரானா என்ன, துவைச்சுக் காயப்போடற வேலை விடாது போலிருக்கு!" என்றார் அத்தை. ரயிலில் டுரியன் பழம் கொண்டுவரக் கூடாது என்று படம் போட்டிருந்தார்கள். அதன் வாசனை அப்படி!

பூகிஸில் இறங்கி, நீல நிறப் பாதைக்கு நெடுந்தூரம் நடந்தோம். அங்கேதான் வந்தது வினை. பெட்டியின் சக்கரம் கைப்பை வாரில் சிக்க, நான் குனிந்தேன். கூட்டத்தோடு அத்தை ஏறிவிட்டார். நிமிர்வதற்குள் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே அத்தையின் முகம், வெளியே நான். கையைத் தட்டிக் கூப்பிடலாமென்றால், அது டிரைவரே இல்லாமல் ஓடுகிற வண்டி!

மாத்திரை, மிட்டாய், ஓட்டல் விலாசம் எல்லாம் என் கைப்பையில். அத்தையிடம் போனும் இல்லை. எனக்குக் கை கால் உதறியது.

முதல் நாள் இரவு, பெட்டி கட்டும்போது என் கணவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: "பிரிஞ்சுட்டா, வண்டியில போனவங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கேயே நிக்கணும். பின்னால இருக்கறவங்க அடுத்த வண்டியில வரணும்." நான் சிரித்தேன். அத்தை அடுப்படியில் பருப்புப் பொடி வறுத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்குமா?

சில நிமிஷத்தில் அடுத்த வண்டி வந்தது. அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்துக்குள் தெரிந்த தெய்வங்களுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

ரோச்சோர் ஸ்டேஷன். கதவு திறந்தது. பெஞ்சில், மடியில் கை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார் அத்தை!

"ஏன்மா இப்படி வேர்த்துக் கொட்டுது? எனக்குத்தானே சர்க்கரை? ஒரு மிட்டாய் வாயில போட்டுக்கோ... ஐயோ, வேண்டாம், 500 டாலர்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்ததே லிட்டில் இந்தியா. மேலே ஏறி வந்து சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் முதல் கும்பிடு போட்டோம். அறைக்கு வந்ததும் ஒரு சுருக்குப் பையில் மாத்திரை, நாலு மிட்டாய், ஓட்டல் விலாசம், என் போன் நம்பர் எல்லாம் வைத்து அத்தை இடுப்பில் செருகிவிட்டேன்.

பெரியவர்களோடு புறப்படும் சகோதரிகளே, அவர்களுக்கு வேண்டியதை உங்கள் பையில் வைக்காதீர்கள், அவர்களிடமே கொடுங்கள். "பிரிந்தால் எங்கே நிற்பது?" என்பதை வீட்டிலேயே பேசி வையுங்கள்.

"காதில விழுந்துதா அத்தை, அவர் சொன்னது?" என்று ராத்திரி கேட்டேன்.

"விழாம என்ன? நீதான் சிரிச்சே. நான் கேட்டுக்கிட்டேன்" என்றார்.